நல்லுணவுக் கடையும் நமது கடமையும்

செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், கலப்பில்லாத கருப்பட்டி, கைக்குத்தல் அரிசி, மலைப்பூண்டு, மலைத்தேன் முதலிய உயர்ந்த உணவுப் பண்டங்களை மட்டும் விற்கும் சிறு கடையொன்றைச் சங்கத்தின் ஆதரவில் நடத்தலாமென்று அங்கத்தினர் சிலர் விரும்புகின்றனர். இத்தகைய கடை செல்வர்களுக்கே உரியது, நெசவாளிக்கும் உழவனுக்கும் அதனால் யாது பயன் என்று வினவுவோரும் உளர். இவ்விரு சாராரிடமும் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

கூட்டுறவுப் பண்டகசாலையின் வரலாற்றில் நெசவாளர்க்கு முதன்மையான இடம் உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், 28 பேர் தலைக்கு ஒரு பவுன் பங்கு சேர்த்து, டோட் லேன் என்ற தெருவில் ஒரு கடையைத் திறந்தனர். அவர்களுள் பலர் கம்பளித் துணி நெய்வோர். கோதுமை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகிய இவைதாம் அன்று அங்கே இருந்த சரக்குகள். இவற்றில் உயர்வு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அக்காலத்தில் அந்நாட்டு வணிகர் பலர் மாவில் சுண்ணக்கட்டித் தூளையும், தேயிலையில் ஒருமுறை பயன்படுத்திய இலையையும் கலந்து விற்றனர். அந்நிலையில், கலப்படமற்ற மாவும் குறையாத நிறையுமே ஏழைக்குக் கிடைத்த உயர்ந்த உணவாயின. ரொக்கத்துக்கே விற்பனை, வாங்கிய அளவுக்கேற்ப லாபப் பங்கீடு, பங்கு எத்தனையாயினும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்னும் நெறிகளைக் கைக்கொண்டு அவர்கள் நடந்தனர். 1850-ஆம் ஆண்டிற்குள் அங்கத்தினர் தொகை சுமார் 600 ஆயிற்று. நம் நாட்டிலும் 1904-ஆம் ஆண்டிலேயே சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றிவிட்டது.

ஆகவே, நல்லுணவு என்பது செல்வர்க்கு மட்டும் உரிய ஆடம்பரமன்று என்பது என் கருத்து. கைத்தறிச் சேலைக்கும் விசைத்தறிச் சேலைக்கும் உள்ள வேறுபாட்டை நெசவாளிக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கைத்தறிக்கென்று சில இரகங்களை ஒதுக்கி 1985-இல் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று கூறி விற்பதால் நேரும் இழப்பை அவர் அறிவார். கருப்பட்டியில் வெள்ளைச் சர்க்கரையையும் தேனில் சர்க்கரைப் பாகையும் கலந்து விற்கும்போது பனையேறுவோரும் தேனெடுப்போரும் அடையும் இழப்பும் அதுவே. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019-இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இலும், உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றன. பெயருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது நன்றே. ஆனால் அப்பெயருக்குரிய உண்மைச் சரக்கை நம்பி வாங்குவதற்கு ஒரு கடை அருகில் இல்லையாயின், அப்பாதுகாப்பினால் நம் அடுப்பங்கரைக்கு விளையும் நன்மை சிறிதே.

இனி, நான் கண்டறிந்த ஒன்றைக் கூறுவேன். சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய கடையொன்று நடந்தது. அதன் நிர்வாகக் குழுவில் நானும் இருந்தேன். திறப்பு விழாவன்று மாலைகளுக்குக் குறைவில்லை. இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் அக்கடை மூடப்பட்டது. வெளியிலிருந்து எவரும் வந்து அதைக் கெடுக்கவில்லை. தெரிந்த முகங்களுக்கெல்லாம் கடன் கொடுத்தோம். கடன் பேரேட்டில் என் வீட்டுக் கணக்கும் இருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். விலை மலிவென்று கைக்குத்தல் அரிசியை மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கினோம். தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அவ்வரிசி விரைவில் காறல் வாடை கொள்ளும், வண்டும் பற்றும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் கருப்பட்டியும் கசிந்து இளகியது. எல்லாவற்றிலும் பெரிய குறை வேறொன்று. அங்கத்தினர்களில் பெரும்பாலோர் விருந்தினர் வரும்போது ஒரு புட்டித் தேன் வாங்க மட்டும் நம் கடைக்கு வந்தனர். மாதச் சாமான் முழுவதையும் வேறு கடைகளில் வாங்கினர். கடை மூடிய நாளில் மிகவும் வருந்தியவர்களும் அவர்களே.

இதிலிருந்து நாம் கற்க வேண்டுவன சில உண்டு. கடன் விற்பனை அறவே கூடாது. தலைவர் வீட்டுக்கும் ரொக்கமே என்பது விதியாக வேண்டும். கெடும் சரக்கைப் பதினைந்து நாட்களுக்கு மேல் இருப்பு வைத்தல் ஆகாது. உயர்ந்த பண்டங்களோடு உப்பு, புளி, மிளகாய், பருப்பு ஆகியவையும் இருந்தால்தான் அங்கத்தினர் அடிக்கடி கடைப்படி ஏறுவர். எண்ணெயையும் தேனையும் சிறு புட்டிகளிலும் அடைத்து வைத்தால் நாட்கூலி பெறுவோரும் வாங்க இயலும். விளைந்த ஊர், ஆட்டிய நாள், விளைவித்தவருக்குக் கொடுத்த விலை ஆகிய மூன்றையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். இதைக் காட்டிலும் சிறந்த விளம்பரம் வேறில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்வதில் சோம்பல் ஆகாது.

முதல் குறைவாக உள்ள கடைக்கு அங்கத்தினர் வேறொரு வகையிலும் கைகொடுக்கலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வேண்டிய நெய், வெல்லம், பச்சரிசி, முந்திரிப்பருப்பு இவற்றுக்கு ஒரு மாதம் முன்னரே தேவையைக் கூறி முன்பணம் கட்டிவிட்டால், கடை வட்டிக்குக் கடன் வாங்காமல் கொள்முதல் செய்யும். சரக்குத் தேங்கும் அச்சமும் நீங்கும். சங்கக் கட்டிடத்தின் முன்னறையை விட்டுக்கொடுத்தால் வாடகை மிஞ்சும். பண்டிகை நாட்களில் பொட்டலம் கட்டுவதற்கு ஆளுக்கு ஒருமணி நேரம் ஒதுக்கினால் கூலியும் மிஞ்சும்.

இத்தனையும் செய்தாலும் ஒன்று இல்லையேல் எதுவும் நிலைக்காது. உழவர் வீட்டுத் திருமணத்துக்கு நெசவாளியின் சேலையும், நெசவாளி வீட்டுத் தாளிப்புக்கு உழவரின் எள்ளில் ஆட்டிய எண்ணெயும் வந்து சேர வேண்டும். தம் பொருளைப் பிறர் மதித்து வாங்க வேண்டுமென்று விரும்புவோர், பிறர் பொருளைத் தாம் மதித்து வாங்கக் கடமைப்பட்டவர் ஆவர். எனவே கடை திறக்க வேண்டுமென்று அடுத்த பொதுச்சபையில் தீர்மானம் கொண்டுவர எண்ணும் அன்பர்கள், அத்தீர்மானத்தோடு தத்தம் வீட்டு மாதச் சாமான் பட்டியலையும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொண்டுவருவார்களாக. அப்பட்டியல்கள் போதிய அளவு சேர்ந்த பின்னர்க் கடையைத் திறப்போம். என் வீட்டுப் பட்டியல் முதலாவதாக இருக்கும், இம்முறை ரொக்கத்துக்கே.