கண்ணொளியும் கைக்காசும்

நீரிழிவினால் விளையும் கண்ணோயைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதா என்று முகஞ்சுளிப்பாரும் இருக்கக்கூடும். வைத்தியர் விடயத்தை வைத்தியரிடம் விட்டுவிட்டு நாம் காவியங்களையும் சிறுகதைகளையும் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டுமென்பது அன்னாரின் எண்ணம். கல்வியைக் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பேசாத மேடை எம்மிடையே இல்லை. தம் கண்ணையே இடந்து அப்பிய கண்ணப்பரின் கதை கேட்டு உருகாத சபையும் இல்லை. கண்ணைக் கொடுத்தவரை இத்துணை போற்றும் எமது சமுதாயம், உள்ள கண்ணைக் காத்துக்கொள்வதற்காக மாதந்தோறும் வைத்தியசாலை வாங்குகளிலே காத்திருப்போரைப் பற்றி மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை? மக்களின் வாழ்வே இலக்கியத்தின் பொருள் என்று கூறிக்கொள்ளும் நாம் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

'சீனி வருத்தம்' என்று எம்மக்கள் சாதாரணமாகக் குறிப்பிடும் நீரிழிவு இன்று பணக்காரரின் நோயன்று. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் நீங்கலாக, ஏனைய ஏழு மாகாணங்களில் நடத்தப்பெற்று 2008இல் வெளியான ஆய்வு, வளர்ந்தோர் ஐவரில் ஒருவர் நீரிழிவு உடையவராகவோ அதன் வாயிலில் நிற்பவராகவோ இருப்பதைக் காட்டியது. நீரிழிவு உடையோருள் மூன்றிலொரு பங்கினர் தமக்கு நோயிருப்பதையே அறியாதிருந்தனர் என்பதும் அதன் முடிவு. அறியப்படாத நோய் சும்மா இருப்பதில்லை. இரத்தத்தில் மிகும் சீனி விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்களை ஆண்டுக்கணக்கில் அரிக்கின்றது. குழாய்கள் கசிகின்றன, கூரிய பார்வைக்குரிய நடுப்புள்ளி வீங்குகின்றது, பின்னர் வலுவற்ற புதுக் குழாய்கள் முளைத்து, வெடித்து, கண்ணினுள்ளே குருதியைக் கொட்டுகின்றன. இவ்வளவும் தொடங்கும்போது நோவில்லை, சிவப்பில்லை, பார்வைக் குறைவுமில்லை. எழுத்து மங்கியதென்று ஒருவர் வைத்தியரை நாடும்போது நோய் பல படிகளைக் கடந்திருக்கும்.

சிகிச்சை இல்லையா? உண்டு. லேசர் கதிரினால் விழித்திரையின் ஓரப் பகுதிகளைச் சுட்டு நோயை அடக்கலாம் என்பதை 1976இல் அமெரிக்காவில் வெளியான பெரும் ஆய்வு நிலைநாட்டியது. கடும் பார்வையிழப்பு அதனால் பாதிக்கு மேல் குறைந்தது. நடுப்புள்ளி வீக்கத்துக்கு இன்று கண்ணினுள்ளே ஏற்றும் ஊசிமருந்துகள் உள்ளன. ஆனால் இவை ஒரு தடவை ஏற்றி முடிப்பன அல்ல. 2015இல் மூன்று மருந்துகளை ஒப்பிட்டு வெளிவந்த ஆய்விலே, நோயாளர் முதலாண்டில் மட்டும் பெரும்பாலும் ஒன்பது அல்லது பத்து ஊசிகளைப் பெற்றனர். அடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை குறையும், பரிசோதனை நிற்காது. சிகிச்சை பலருக்கு இழந்த பார்வை முழுவதையும் மீட்டுத் தருவதில்லை. எஞ்சியதைக் காத்துத் தருகின்றது. இடையில் விட்டவர் மீண்டும் இருளை நோக்கி நடக்கின்றார்.

இவ்விடத்திலேதான் எமது நல்லுபதேசிகள் வருகின்றனர். அவர்களுள் ஒரு சாரார், "எல்லாம் விதி" என்பர். இன்னொரு சாரார் படித்தவர்கள், விதியென்று சொல்ல வெட்கப்பட்டு, "இச்சனங்களுக்குக் கவனமில்லை, கிளினிக் திகதிக்கு வருவதில்லை" என்பர். சொற்கள் வேறாயினும் முடிவு ஒன்றே: குற்றம் நோயாளியுடையது, சமுதாயம் கைகழுவிக்கொள்ளலாம்.

திகதிக்கு வருவது எத்தகைய காரியம் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். 1000 ரூபா நாட்சம்பளத்துக்காகப் பல ஆண்டுகள் போராடி, 2021இல் அதனைப் பெற்ற வர்க்கத்தைச் சேர்ந்தவர் அவர். விழித்திரை வைத்தியர் இருப்பது தூரத்து நகரிலே. விடியுமுன் பஸ் ஏற வேண்டும். கண்மணியை விரிக்கும் துளிமருந்து விட்டபின் பல மணி நேரம் பார்வை மங்கும். ஆகவே தனியே திரும்ப இயலாது. மகனோ மகளோ துணைக்கு வரவேண்டும். இருவரின் நாட்கூலி போயிற்று. பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு தனி. கொழுந்து பறிக்கப் போகாத நாள் சம்பளமற்ற நாள். இது ஒரு முறையன்று. ஆண்டுக்கு எட்டுப் பத்து முறை. நான்காவது திகதியில் அவர் வராதபோது அதனைக் கவனயீனம் என்று எழுதிவைப்பது எளிது. அது கவனயீனமா, கணக்கா? வீட்டு அரிசிக்கும் கண்ணின் ஒளிக்குமிடையே அவர் போட்ட கணக்கு அது. அக்கணக்கைப் போடும் நிலைக்கு அவரைத் தள்ளியவர் யார் என்பதே எமது கேள்வி.

நோயாளிக்குக் கடமையே இல்லையென நாம் வாதிடவில்லை. சீனியையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்பாட்டில் வைத்தால் விழித்திரை நோய் தளரும் என்பதை 1993இலும் 1998இலும் வெளியான பெரும் ஆய்வுகள் ஐயத்துக்கிடமின்றி நிறுவின. ஆனால் கடமையை நிறைவேற்றும் வாய்ப்பைக் கொடாது கடமையை மட்டும் உபதேசிப்பது மோசடியாகும். விஞ்ஞானமே இதற்குச் சான்று தருகின்றது. கண்ணினுள்ளே புதுக் குழாய்கள் முளைத்த நோயாளருள், ஆறு மாதங்களுக்கு மேல் வராதிருந்து திரும்பியோரைப் பற்றி 2019இல் அமெரிக்க ஆய்வொன்று வெளியாயிற்று. ஊசி மட்டும் பெற்றிருந்தோரின் பார்வை வீழ்ந்திருந்தது. விழித்திரை இழுபட்டுக் கழன்ற நிலை அவர்களிடையே மிகுந்திருந்தது. லேசர் பெற்றோர் ஒப்பீட்டளவில் தப்பியிருந்தனர். லேசருக்கும் விலையுண்டு: ஓரப் பார்வையும் இராப் பார்வையும் குன்றும். ஆயினும் இவ்வாய்வின் பொருளைக் கவனியுங்கள். தவறாது வருபவருக்கு நன்மருந்தாவது, வர வழியற்றவருக்கு ஆபத்தாகின்றது. பஸ்ஸும் கூலியும் லீவும் மருந்தின் பயனையே மாற்றிவிடுகின்றன!

இனி மருந்தின் விலைக்கு வருவோம். மேற்குறித்த 2015ஆம் ஆண்டு ஆய்வு வெளியான வேளையில், அமெரிக்காவில் ஓர் ஊசிக்கு அவ்லிபெர்செப்ற் சுமார் 1,950 டொலர், ரனிபிசுமாப் சுமார் 1,200 டொலர், பெவசிசுமாப் சுமார் 50 டொலர். பார்வை ஏற்கெனவே பெரிதும் குன்றியோருக்கு முதலாண்டில் அவ்லிபெர்செப்ற் கூடிய பயன் தந்தது. சிறிதளவே குன்றியோருக்கு மூன்றும் ஏறக்குறைய ஒத்த பயனே தந்தன. மலிவான பெவசிசுமாப் 2004இல் புற்றுநோய்க்கென அங்கீகாரம் பெற்ற மருந்து. கண்ணுக்கென அதற்கு அங்கீகாரம் கோர, அதனை உருவாக்கிய நிறுவனம் முன்வரவில்லை. ரனிபிசுமாப்பும் அதே நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே பிறந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது. மலிவான மருந்தைக் கண்ணுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூட்டுச்சேர்ந்தமைக்காக றோச், நோவார்ட்டிஸ் ஆகிய இரு கம்பனிகளுக்கு இத்தாலியின் போட்டி அதிகாரசபை 2014இல் 18 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. 2019இல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. இதற்கிடையில், 2013இல், உலக சுகாதார நிறுவனம் பெவசிசுமாப்பைக் கண்ணுக்குரிய அத்தியாவசிய மருந்தாகத் தன் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. கண்பார்வையும் சந்தைச் சரக்காகும் உலகில் விதியைத் தேடுவோர் இலாபக் கணக்கைத் தேடட்டும்.

மலிவு மட்டும் போதுமா என்றால் போதாது. பெரிய குப்பியைச் சிறு ஊசிகளாகப் பிரிக்கும்போது கிருமி புகுந்தால் காக்க வந்த மருந்தே கண்ணைக் குருடாக்கும். 2023இல் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்திற் பலர் இவ்விதம் பார்வை பறிகொடுத்தனர். அதே ஆண்டில் எமது மலையகத்து வைத்தியசாலையொன்றிலும் கண் சத்திரசிகிச்சைக்குப் பின் விடப்பட்ட துளிமருந்தினால் நோயாளர் சிலர் பார்வையிழந்தனர். தரமும் மலிவும் ஒருங்கே வேண்டுமானால் அதற்குப் பொதுமக்கள் நலன் பேணும் அரச ஒழுங்கு வேண்டும். அவ்வழியை எமக்குக் காட்டியவர் எமது நாட்டவரே. மருந்தியற் பேராசிரியரும் இடதுசாரியுமான சேனக பிபிலே, 1971இல் நிறுவப்பெற்ற அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, தேவையான மருந்துகளை அறிஞர் குழு தெரிந்தெடுக்கவும், வணிகப் பெயர் நீக்கி மருந்தின் இயற்பெயரால் வாங்கவும், உலகளாவிய கேள்விப்பத்திர முறையில் மலிவாகக் கொள்வனவு செய்யவும் வழிவகுத்தார். பிற நாடுகள் பாடமாகக் கொண்ட அக்கொள்கையை நாம் சிலைக்கு மாலையிடுவது போலப் போற்றினோமே தவிரப் பின்பற்றினோமல்லோம். அதன் பயனை 2022இல் கண்டோம். அந்நியச் செலாவணி வற்றியபோது மருந்துகளும் வற்றின; பெரும் போதனா வைத்தியசாலையே வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. வசதியுள்ளோர் தனியார் வைத்தியசாலைக்குப் போயினர். மற்றையோர் எங்கே போவர்?

வேறு வழியுண்டு என்பதற்கும் உதாரணம் உண்டு. இங்கிலாந்திலே 2003இல் தொடங்கி, நீரிழிவு உடையோரை ஆண்டுதோறும் அழைத்து விழித்திரையைப் படமெடுக்கும் பொதுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாக, உழைக்கும் வயதினரின் குருட்டுத்தன்மைக்கு நீரிழிவுக் கண்ணோய் முதற் காரணமாக இல்லாதொழிந்தது என இங்கிலாந்து, வேல்ஸ் பற்றிய ஆய்வு 2014இல் அறிவித்தது. அந்நாட்டவர் திடீரெனக் கவனமுள்ளோராகிவிடவில்லை. ஒழுங்குதான் மாறியது.

"மனத்தைரியத்தோடு இருங்கள்" என்று கூறும் மூன்றாவது சாராரையும் நாம் அறிவோம். கண்ணினுள்ளே ஊசி ஏற்றக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமும் அதே கதிரையில் வந்து அமர்பவருக்குத் தைரியத்தைப் பற்றி யார் போதிப்பது? அவருக்கு வேண்டியது போதனையன்று, விளக்கம். தம் கண்ணில் என்ன நேர்ந்துள்ளது, எத்தனை ஊசி தேவைப்படலாம், எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்க்கலாகாது என்பதை அவரின் தாய்மொழியில், அவருக்குப் புரியுமாறு யாரேனும் சொல்ல வேண்டும். தமிழறியாதாரிடம் தலையாட்டிவிட்டுத் திரும்பும் முதியவர், ஊசி போட்டும் பார்வை திரும்பவில்லையே என்று அடுத்த திகதியைக் கைவிடுவாராயின் வியப்பென்ன?

எமது எழுத்தாளரும் இதிற் பங்காளிகள். குருட்டுத்தன்மையைப் பாவத்தின் தண்டனையாகவோ ஞானத்தின் அடையாளமாகவோ காட்டும் பழைய சரக்கை இன்னமும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். மங்கிவரும் கண்ணோடு தையல் இயந்திரத்தின் முன்னே குனிந்திருப்பவளையும், விளக்குக் குறைந்த சங்கக்கடையில் துண்டெழுதுபவனையும் அவர்கள் காணவில்லை. காண்பதற்கு நோயற்ற கண் இருந்தால் மட்டும் போதாதுபோலும்!

ஆகவே நாம் கோருவன தெளிவானவை. நீரிழிவு உடைய ஒவ்வொருவருக்கும் அண்மையிலுள்ள வைத்தியசாலையிலேயே ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை. தரம் சோதிக்கப்பட்ட மருந்து தடையின்றி. சிகிச்சை நாளில் நோயாளிக்கும் துணைவருபவருக்கும் சம்பளத்துடன் லீவு. இரு மொழிகளிலும் விளக்கம். ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இவற்றைச் சம்பளக் கோரிக்கைகளோடு ஒருங்கே வைத்துப் போராட வேண்டும்.

அதுவரை கைகட்டியிருக்கவும் வேண்டியதில்லை. எமது கிராமங்களில் வாசிகசாலைகள் உண்டு. கிளினிக் திகதிகளைக் குறித்துவைத்து, துணைக்கு ஆளில்லாதவரோடு செல்ல மாணவர் முறைபோட்டுக்கொள்ளலாம். வருத்தக்காரரின் துண்டையும் மருந்துறையையும் வாசித்து விளக்கலாம். எழுத்துத் தெரியாது போன முதியோருக்கு மாலையில் பத்திரிகையை உரக்கப் படிக்கலாம். இவை தருமமன்று, ஒருவரோடொருவர் தோள்சேரும் பயிற்சி. அப்பயிற்சி பெற்றவர்களே நாளை வைத்தியசாலை வாயிலில் நின்று, "மருந்து ஏன் இல்லை?" என்று அதிகாரிகளிடம் துணிந்து கேட்கப் போகிறவர்கள்.