திருநம்பிக்கு ஒரு ஆபரேஷன் போதாது. ரெயில் செலவு யார் கணக்கு?

தென்காசி:
பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிக்கு முன்கை சதையை எடுத்து ஆணுறுப்பு அமைக்கிறார்கள். விறைப்புக்கான சிலிக்கான் கம்பியை மட்டும் அப்போதே வைப்பதில்லை. உணர்ச்சி திரும்ப 9 மாதம், 1 வருடம் ஆகும். உணர்ச்சி இல்லாவிட்டால் கம்பி சதையை அரித்தாலும் தெரியாதே! பிறவி உறுப்பில் கம்பியைத் தாங்க உறை இருக்கும். இதில் கிடையாது; இடுப்பெலும்போடு சேர்த்து தைக்க வேண்டும். சீழ் பிடித்தால் கழற்றிவிட்டு மறுபடி ஆபரேஷன்.

2022-ல் மத்திய அரசு திருநர்களுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் மருத்துவ காப்பீடு அறிவித்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் தென்காசியில் இருந்து சென்னைக்கு போய் செய்துகொள்பவர் ஒவ்வொரு தடவையும் ராத்திரி முழுக்க பொதிகை எக்ஸ்பிரசில் போக வேண்டும். துணைக்கு ஒரு ஆளும் வேண்டும். குற்றாலம் சீசன் கடையில் நிற்பவர் என்றால் இன்னும் கஷ்டம். அந்த 3 மாதத்தில் 'பளு தூக்காதே' என்று டாக்டர் சொன்னால் வருட சம்பாத்தியமே போச்சு.