ராஜினாமாக் கடிதத்திற்கு முன் தீர்க்க வேண்டிய கடமைகள்

 

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனங்களில் நம் சமுதாய இளைஞர்கள் பலர் பணியாற்றுகின்றனர். சில ஆண்டு அனுபவம் பெற்றபின், மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுச் சொந்தமாக இணையதளம் வடிவமைக்கும் தொழில் தொடங்கலாமே என்னும் எண்ணம் அவர்களுள் பலருக்கு எழுகிறது. மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும். கடை வாடகையோ சரக்கோ தேவையில்லை. இவ்வெளிமையே இத்தொழிலின் கவர்ச்சி. போதிய ஆயத்தமின்றிப் பலரை இதில் இறங்கச் செய்வதும் இதுவே.

இவ்வெண்ணத்தை நாம் குறை கூறவில்லை. மக்காவைத் துறந்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களிடம், தம் செல்வத்தில் பாதியைத் தருவதாக அன்சாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) கூறினார்கள். அதனை ஏற்காது, சந்தைக்கு வழி காட்டுமாறு மட்டுமே அவர்கள் கேட்டார்கள். பாலாடைக்கட்டியிலும் நெய்யிலும் தொடங்கிய சிறு வணிகம் பின்னர் பெருஞ்செல்வமாக வளர்ந்தது. தன் கையால் உழைத்து உண்பதன் சிறப்பை நபி (ஸல்) அவர்கள் தாவூத் (அலை) அவர்களை எடுத்துக்காட்டி உணர்த்தியுள்ளார்கள்.

ஆயினும், வாழ்வாதாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வணிகத்திலேயே உள்ளது என்னும் செய்தி நம் மேடைகளில் அடிக்கடி கூறப்படுகிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் அதனைப் பலவீனமானது என்று குறிப்பிட்டுள்ளனர். அதனை நம்பிச் சம்பள வேலையைத் தாழ்வாக எண்ணுவது முறையன்று. மூஸா (அலை) அவர்கள் மத்யனில் பல ஆண்டுகள் ஒப்பந்தப்படி உழைத்தார்கள். நம் நபி (ஸல்) அவர்களும் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்துள்ளார்கள். எனவே வேலையா, தொழிலா என்பது ஈமானின் அளவுகோல் அன்று. எதில் இருந்தாலும் பிறர் உரிமைகளை நிறைவேற்றுகின்றோமா என்பதே கேள்வி.

குடும்பத்தின் உரிமை

தன் பொறுப்பில் உள்ளவர்களை வீணாக்குவதே ஒருவனுக்குப் போதுமான பாவம் என்று மார்க்கம் எச்சரிக்கிறது. புதிய தொழிலில் முதல் சில மாதங்கள் வருமானமே இல்லாமல் போகலாம். ஆகவே குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவுக்கான தொகையைத் தனியே ஒதுக்கிய பின்னரே வேலையை விடுவது நல்லது என்பது நம் கருத்து. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைக்குமாறு கூறப்பட்ட தவக்குல் இதுவே.

நிறுவனம் வழங்கும் மருத்துவக் காப்பீடு வேலையுடன் நின்றுவிடும். வயது முதிர்ந்த பெற்றோர் வீட்டில் இருப்பின், மருத்துவச் செலவுக்கென்று தனித்தொகை வேண்டும். நிரந்தரப் பணியாளர் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றினால், ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்னும் கணக்கில் பணிக்கொடை பெறுவார். நான்கரை ஆண்டுகள் முடித்தவர் இன்னும் சில மாதங்கள் பொறுப்பது கோழைத்தனம் ஆகாது.

மனைவியின் நகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மஹராக வழங்கப்பட்ட நகை அவருடைய சொத்து. "தொழிலுக்குத்தானே" என்று அதனை எடுத்து வட்டிக்கு அடகு வைப்பதில் இரு தவறுகள் உள்ளன: ஒன்று வட்டி, மற்றொன்று பிறர் உடைமை. அவராக மனமுவந்து தந்தால் அது வேறு. அப்போதும் அது கடனா, அன்பளிப்பா, பங்கு முதலீடா என்பதை எழுதி வைப்பதே நேர்மை. கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம். கணவன் மனைவிக்கு அதில் விலக்கு இல்லை.

விட்டு வரும் நிறுவனத்தின் உரிமை

அலுவலக நேரத்தில், அலுவலகக் கணினியில் சொந்த வாடிக்கையாளருக்கு வேலை செய்வது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அந்நேரத்திற்கான ஊதியத்தை நிறுவனம் கொடுத்துவிட்டது. அது விற்கப்பட்ட நேரம். அதனை இரண்டாம் முறை விற்க இயலாது. ஒப்பந்தத்தில் கூறிய முன்னறிவிப்புக் காலம் முழுமையும் பணியாற்றுவதும், நிறுவனத்தின் நிரல்களையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்து வராதிருப்பதும் உடன்படிக்கையை நிறைவேற்றுவதில் அடங்கும். ஹலாலான தொழில் ஹராமான விதையிலிருந்து முளைக்கலாகாது.

வாடிக்கையாளரின் உரிமை

இஸ்லாமியச் சட்டத்தில் இஸ்திஸ்னாஃ எனப்படும் செய்து தரும் ஒப்பந்தம் உண்டு. செய்யப்படும் பொருளின் தன்மையும் அளவும் விலையும் தெளிவாகக் கூறப்பட வேண்டும் என்பது அதன் விதி. இணையதளப் பணிக்கு இது வெகுவாகப் பொருந்தும். எத்தனை பக்கங்கள், எத்தனை முறை திருத்தம், படங்களும் வாசகங்களும் யார் தருவது, ஹோஸ்டிங் கட்டணத்தை அடுத்த ஆண்டு யார் செலுத்துவது ஆகியவற்றை முதல் நாளே எழுதிக்கொண்டால் பாதிச் சண்டைகள் எழாது.

டொமைன் பெயரை வாடிக்கையாளர் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். தம் பெயரில் பதிவு செய்துகொண்டு, கருத்து வேறுபாடு வந்ததும் அதனைப் பிணையாக்கும் பழக்கம் இத்தொழிலில் உண்டு. அது அமானிதத்தில் கைவைப்பதாகும். உரிமக் கட்டணம் உள்ள வேர்ட்பிரஸ் வடிவமைப்புகளைக் கள்ளத்தனமாகப் பெற்று விற்பதும், கூகுளில் முதலிடம் உறுதி என்று தம் கையில் இல்லாத ஒன்றை வாக்களிப்பதும் அளவையில் மோசடி செய்வதற்கு நிகரானவை. வட்டிக்கடை, சூதாட்டம் ஆகியவற்றிற்கான தளங்களை ஏற்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். வாடகை கட்டப் பணமில்லாத மாதத்தில் அம்முடிவை எடுப்பது மிகக் கடினம்.

தொழில் தொடங்கியவரின் உரிமை

இனி நாம் அனைவரும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. வலீமா விருந்தின் பிரியாணிக்கு முன்பணம் கொடுக்கத் தயங்காத நாம், நம் ஊர் இளைஞர் செய்து தந்த இணையதளத்திற்குப் பணம் கேட்டால் மட்டும் ஏன் "துஆ செய்கிறோம் தம்பி" என்கிறோம்? பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவிற்கும் அல்லாஹ்வுக்காகச் செய்து தா என்கிறோம். அவர் தாமாக முன்வந்தால் அது ஸதகா. சபையில் வைத்துக் கேட்டு, மறுக்க முடியாத நிலையில் பெறுவதை எப்படி ஸதகா என்பது?

வசதியிருந்தும் கொடுக்க வேண்டியதை இழுத்தடிப்பது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டமும் கூறுகிறது. தாமதித்தால் கூட்டு வட்டி பெற அச்சட்டம் வழி செய்கிறது. முஸ்லிம் தொழில்முனைவோர் அவ்வட்டியை வாங்க மாட்டார். அதனாலேயே அவருக்கு இழுத்தடிப்பின் சுமை இரட்டிப்பாகிறது. உத்யம் தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொண்டால், அசலையேனும் முறையிட்டுப் பெற இயலும். அதனினும் சிறந்தது, தொகையில் ஒரு பங்கை முன்பணமாகவும் மறு பங்கைப் பணியின் நடுவிலும் பெற்றுக்கொள்வது. கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. கொடுப்பவர்களும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

நம் ஜமாஅத்துகள் வட்டியில்லாக் கடனாக ஒரு சிறு தொகையைத் தந்து ஓர் இளைஞரைத் தொழிலில் நிறுத்தலாம். அதற்கும் வாய்ப்பில்லையெனில், அவருக்குத் தர வேண்டிய பணத்தை உரிய நாளில் தருவதே பேருதவி.

இறுதியாக ஒன்று. மனைவி, பெற்றோர், இத்தொழிலில் வென்றவர், இதனைத் தொடங்கி மூடியவர் ஆகியோரிடம் ஆலோசனை செய்யுங்கள். இஸ்திகாரா தொழுங்கள்; கனவுக்காகக் காத்திராமல், தெளிந்த முடிவில் அடியெடுத்து வையுங்கள். ஓராண்டோ ஈராண்டோ ஒரு தவணை குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் தொழில் நிலைபெறவில்லையெனில், மீண்டும் வேலைக்குச் செல்வதில் இழிவில்லை. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. சம்பளமும் தொழிலும் அது வந்து சேரும் வாயில்கள் மட்டுமே.

வல்ல இறைவன் நம் உழைப்பில் பரக்கத்தையும், நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.