சொகுசு வண்டியிலா, சீட்டிலா?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர்; இரவு முழுவதும் பிரயாணம். வைத்தியசாலைக்குச் செல்லும் கமக்காரரும் கந்தோர் அலுவலாகச் செல்லும் உத்தியோகத்தரும் கூடுதல் காசு கொடுத்துச் "சொகுசு" பஸ்ஸில் ஆசனம் பதிவது ஆடம்பரத்துக்காக அன்று. விடிந்தபின் காரியம் பார்க்க உடம்பில் தெம்பு வேண்டும் என்பதற்காகவே.

அவர்கள் காண்பது என்ன? ஒருநாள் குளிரூட்டி இயங்குகிறது, ஆசனம் சாய்கிறது. மறுவாரம் அதே பெயர், அதே நேரம், அதே கட்டணம்; வந்து நிற்பதோ வேறொரு வண்டி! குளிரூட்டி ஓய்ந்துவிட்டது, யன்னலோ திறக்கவியலாத கண்ணாடி. கேட்டால், "வழமையான வண்டி திருத்தத்துக்குப் போய்விட்டது" என்று பதில். வண்டி போகட்டும். கட்டணத்தைத் திருத்துவார் எவருமில்லையா?

"அரைச் சொகுசு" என்றும் ஒரு விசித்திரப் பிறவி உண்டு. சாதாரண கட்டணத்தின் ஒன்றரை மடங்கு அதற்கென வகுத்தார்கள். காசு அரைப்பங்கு கூடியது மெய்; சொகுசைத் தேடிக் களைத்தவர் பலர்.

மாகாணங்களுக்கிடையே ஓடும் தனியார் பஸ்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது, 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. பத்திரத்தில் எழுதிய தரம் வண்டியில் உண்டா என்பதைப் புறப்படும் இடத்திலேயே, புறப்படும் வேளையிலேயே பார்க்க வேண்டாமா? பகலில் கந்தோரில் கோவையைப் பார்த்தால் இரவில் ஓடும் வண்டி தெரியுமா?

சீட்டில் வண்டியின் தரத்தை அச்சிடுக. தரங்குறைந்த மாற்று வண்டி வந்தால், மிச்சக் காசைக் கண்டக்டர் அவ்விடத்திலேயே எண்ணிக் கொடுக்கட்டும்.