ஒரு வாரம் லீவு

(மூன்றாமாண்டு பொருளியல் மாணவன்)

வேலை கிடைத்த கதையைக் கூறுவதற்கு நம் கல்லூரியில் ஆள் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் பழைய மாணவர்கள் மேடையேறி அதைத்தான் கூறிச் செல்கின்றனர். வேலை போன கதையைக் கூற எவரும் மேடையேறக் காணோம். ஆகவே அப்பணியை நான் ஏற்றுக்கொள்கிறேன். தற்போது எனக்கு வேறு பணியும் இல்லை.

முதலாண்டு தொடங்கிக் கல்லூரி விட்டதும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அரை ஷிப்ட் செக்கிங் வேலை பார்த்து வந்தேன். தைத்து வரும் சட்டைகளை மேசைமீது விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் ஆகியவற்றைக் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். அத்தனையும் அமெரிக்கா போகும் சட்டைகள். சிலவற்றின் அளவைப் பார்த்தால் ஒரே சட்டைக்குள் எங்கள் வீட்டார் மூவரும் குடியிருக்கலாம். சனிக்கிழமைதோறும் சம்பளம். என் படிப்புச் செலவும், வீட்டு வாடகையில் ஒரு பங்கும் அதில்தான் நடந்தன.

2025 ஆகஸ்ட் 27 முதல் பல இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 விழுக்காடாக உயர்த்தியது. அன்று அஃது எனக்குப் பாடத்துக்குப் பயன்படும் செய்தி. இரண்டு வாரம் கழித்து எங்கள் வீட்டுச் செய்தியாயிற்று. சம்பளக் கவரைக் கொடுத்த முதலாளி, "தம்பி, ஒரு வாரம் லீவு எடுத்துக்குங்க. ஆர்டர் வந்ததும் நானே போன் பண்றனுங்க" என்றார். நல்ல மனிதர், முகம் வாடியிருந்தது. நானும் நன்றி கூறி வெளியே வந்தேன். எதற்கு நன்றி கூறினேன் என்பது தெருமுனை வந்த பிறகுதான் விளங்கிற்று.

மறுவாரம் வகுப்பில் வேலையின்மையின் வகைகள் பற்றிய பாடம். சுழற்சி வேலையின்மைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கேட்டார் விரிவுரையாளர். ஒருவன் எழுந்து 1930-களின் பெருமந்தத்தைக் கூறினான். அவ்வளவு தொலைவு போயிருக்க வேண்டியதில்லை. எடுத்துக்காட்டு மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது, வாய்தான் திறக்கவில்லை.

வீட்டிலும் திறக்கவில்லை. வழக்கம்போல் டிபன் பாக்ஸுடன் புறப்படுவேன். கல்லூரி விட்டதும் நூலகம். பிறகு ரயில் நிலையத்துப் பெஞ்சு. ஷிப்ட் விடும் எட்டரை மணியைக் கணக்கிட்டு வீடு திரும்புவேன். வேலை இருந்த நாளில்கூட நான் இவ்வளவு நேரம் தவறாமல் இருந்ததில்லை. களைத்தவனைப்போல் நடிப்பது வேலையைக் காட்டிலும் களைப்பைத் தரும் என்பதையும் கண்டுகொண்டேன்.

ஒன்பதாம் நாள் சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, சட்டையில பஞ்சே காணோம்?"

செக்கிங் மேசையருகே நான்கு மணி நேரம் நின்றவன் தலையிலும் சட்டையிலும் பஞ்சுத் தூசி இல்லாமல் வீடு திரும்ப முடியாது. ஓட்டை பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு, என் பொய்யிலிருந்த ஓட்டை தெரியவில்லை!

நிமிர்ந்து பார்த்தால் அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் சாயப்பட்டறைத் தொழிலாளியாக இருந்தவர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. சாயக்கழிவால் நொய்யல் கெட்டதும், கீழ்ப்பகுதி உழவர்கள் வழக்காடியதும் நாம் அறிந்தவையே. ஆணை நியாயமானதுதான் என்று அப்பாவே கூறுவார். ஆயினும் ஊரே மூடிக்கிடந்தபோது, "எங்க பட்டறையில மட்டும் மெஷின் கழுவற வேலை இருக்குது" என்று சொல்லிவிட்டு, மூன்று வாரம் டிபன் பாக்ஸுடன் புறப்பட்டுப் போயிருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"உங்க கை வெளுத்தப்பவே எனக்குத் தெரியுமுங்க" என்றார் அம்மா.

நகக்கண்ணில் நீலமும் கறுப்புமாக ஏறியிருந்த சாயம் கரைந்ததைப் பார்த்தே அறிந்திருக்கிறார். பதினான்கு ஆண்டுகளாக அதை வெளியில் சொல்லவில்லை. அப்பாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. பிறகு அம்மா சிரித்தார், மூவரும் சிரித்தோம். அம்மாதத்து வாடகையை அம்மாவின் சீட்டுப் பணம் தாங்கிற்று.

என் கருத்து இதுதான். "எல்லாம் நன்மைக்கே" என்று வேலையில் இருப்பவர்கள் வந்து கூறும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வேலை போனதில் நன்மை ஏதுமில்லை. ஆனால் அதை மறைக்க நான் ஆடிய கூத்து சிரிப்புக்குரியது. அதைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையும் எனக்கும் என் வீட்டாருக்கும் உரியது. சிரித்து முடித்த பிறகே யோசிக்கவும் முடிந்தது. நாங்கள் இருவரும் ஏன் ஒளிந்தோம்? வரியை நான் உயர்த்தவில்லை. நொய்யலில் அப்பா தம் விருப்பத்துக்குச் சாயம் கொட்டவில்லை. குற்றம் செய்தவர்களைப்போல் நாங்களல்லவா ஊரைச் சுற்றினோம்!

இன்னொன்றையும் கூற வேண்டும். அந்த 'லீவு' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அப்போது நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ தர வேண்டும். உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். லீவில் போனவன் எதைக் கேட்பான்? நீக்கவே இல்லையே! என்னோடு அதே மேசையில் பல ஆண்டுகள் நின்ற அக்காமார்களும் அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டுதான் போனார்கள். "வேலை இல்லை" என்று நேராகச் சொல்லியிருந்தால் மனம் நொந்திருக்கும். கேட்க வேண்டியதையும் கேட்டிருப்போம்.

இவ்விதழைப் படிப்போரிலும் அரை ஷிப்ட் நண்பர்கள் பலர் இருப்பர். லீவு கிடைத்தால், எவ்வளவு நாளைக்கு என்று தேதியோடு எழுதிக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மாதங்கள் கடந்தும் என் ஒரு வாரம் முடியவில்லை. மாலையில் கல்லூரி விட்டு நேரே வீடு சென்றால், "லீவு முடிஞ்சுதா கண்ணு?" என்று அம்மா கேட்பார். "இன்னும் புதன்கிழமைதானுங்கம்மா" என்பேன்.