மரத்தில் சாய்ந்திருந்த துப்பாக்கி

2014 நவம்பர் மாதம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் தொல்லியல் ஆய்வுக் குழு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்ந்தபடி ஏதோ நின்றது. அருகில் போய்ப் பார்த்தால், துப்பாக்கி! குழல் முழுக்கத் துரு. மரக்கட்டை வெளுத்து வெடித்திருந்தது. அடிப்பாகம் மண்ணுக்குள் புதைந்திருந்தது. யாரோ வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை.

அது வின்செஸ்டர் 1873 மாடல். கீழே உள்ள லீவரை முன்னும் பின்னும் தள்ளினால் காலித் தோட்டா வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அந்தக் காலத்தில் பெரிய வசதி அது. வந்த புதிதில் 50 டாலர். 1882-ல் 25 டாலர். விலை இறங்கியதால் சாதாரண மக்கள் கைக்கும் போனது.

இப்படி ஒரு பழைய துப்பாக்கி கிடைத்தால் நிபுணர்கள் என்ன செய்வார்கள்? முதல் கேள்வி மதிப்பு அல்ல, ‘உள்ளே தோட்டா இருக்கிறதா?’ என்பதுதான். இந்த ரகத்தில் சுடும் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருப்பது அங்கேதான். இரண்டையும் பார்க்க வேண்டும். ஆனால், துருவேறிய லீவரை இழுத்தால் உடைந்துவிடலாம். அதனால் வயோமிங் மாநிலத்தின் கோடி நகர அருங்காட்சியகத்துக்கு இந்தத் துப்பாக்கி போனபோது, மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள்! குழலில் தோட்டா இல்லை. ஆனால், பின்கட்டைக்குள் துடைப்புக் கம்பி வைக்கும் பொந்தில் ஒரே ஒரு தோட்டா ஒளிந்திருந்தது. அது 1887-க்கும் 1911-க்கும் இடையில் தயாரானது. அப்படியானால், 1887-க்குப் பிறகும் இந்தத் துப்பாக்கி யாரோ ஒருவர் கையில் இருந்திருக்கிறது.

அடுத்து, வரிசை எண். பழைய பதிவேட்டில் தேடியதில், 1882-ல் தயாராகி அனுப்பப்பட்டது என்று தெரிந்தது. வைத்துவிட்டுப் போனவர் பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

பிறகுதான் நிலைமையை எடைபோடுவது. திருகாணிகளின் தலை சிதைந்திருக்கிறதா? சிதைந்திருந்தால் யாரோ கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். கட்டையும் இரும்பும் சேரும் இடம் சமமாக இருக்கிறதா? கட்டை தாழ்ந்திருந்தால் தேய்த்திருக்கிறார்கள். பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா? மழுங்கியிருந்தால் மெருகு போட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்யும் இந்த வேலைகள்தான் பழம்பொருளின் மதிப்பைக் குறைக்கின்றன. துருவைச் சுரண்டியெடுத்தால் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

கோடி அருங்காட்சியகத்திலும் அதைப் புதிதாக்கவில்லை. உதிர்ந்துகொண்டிருந்த கட்டை மேலும் உதிராமல் கெட்டிப்படுத்தினார்கள், அவ்வளவுதான். துரு அப்படியே, வெடிப்பு அப்படியே.

பளபளவென்று ஆக்கியிருந்தால் அது ஏழு லட்சத்துக்கும் மேல் தயாரான வின்செஸ்டர்களில் இன்னொன்று. இப்போதோ, ‘இதோ வருகிறேன்’ என்று யாரோ ஒருவர் சாய்த்துவைத்துவிட்டுப் போன அதே துப்பாக்கி.

வீட்டுப் பரணில் தாத்தா காலத்துப் பொருள் ஏதாவது கிடைத்தால், புளியையும் உப்புத்தாளையும் கையில் எடுக்கும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். அழுக்கு என்று நினைப்பது, அந்தப் பொருள் சொல்லும் கதையாக இருக்கலாம்.