கமரா மட்டும் போதுமா?

கொட்டாஞ்சேனை மாணவர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். 1983ஆம் ஆண்டு வன்செயலில் வீடிழந்த தம் அம்மம்மாவின் கதையை எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. "ஆனால், என் டிஜிட்டல் கமராவில் எடுத்தால் கலியாண வீட்டு வீடியோ போலிருக்கிறது, திரைப்படம் போலில்லை. நல்ல கமரா வாங்கிய பின் எடுப்போம்" என்றார். அவருக்குக் கூறிய விடை, அவரைப் போல் காத்திருக்கும் பிற இளைஞர்க்கும் பயன்படலாம்.

முதலாவது, வேகம். திரைப்படம் விநாடிக்கு 24 படங்களாக ஓடுவது. நம் கண் அதற்குப் பழகிவிட்டது. கமராவிலும் அவ்வேகத்தையே தெரிந்துகொள்க. ஒவ்வொரு படமும் ஒளியை ஏற்கும் நேரம் 1/50 விநாடியாக இருக்கட்டும். அப்பொழுது அசையும் கை சற்றே மங்கி, இயல்பாகத் தோன்றும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. ஆதலால் பழைய குழல் விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். 1/50 விநாடியில் சரியாக இரண்டு மினுக்கங்கள் அடங்குவதால், படத்தில் துடிப்புத் தெரியாது.

இரண்டாவது, ஒளி. படச்சுருள் மிகுந்த ஒளியையும் மெல்ல மெல்லத் தாங்கிக்கொள்ளும். டிஜிட்டல் கமராவோ ஓர் எல்லை கடந்ததும் எல்லாவற்றையும் வெறும் வெள்ளையாக்கிவிடும். அதைப் பின்னர் மீட்க வழியில்லை. ஆகவே, தானியங்கி அமைப்பை நிறுத்தி, வெளிச்சமான இடம் வெளிறாதபடி அளவை நீங்களே குறைத்து வையுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரைக்கு நண்பகலில் போகாதீர்கள். சூரியன் கடலை நோக்கித் தாழும் மாலையில் போங்கள். வீட்டிலே கூரை விளக்கை அணைத்துவிட்டு, அம்மம்மாவைச் சன்னலருகே அமர்த்துங்கள். ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலும் விழுந்தால் முகத்தின் சுருக்கங்களும் கதை சொல்லும். கமராவைக் கையில் ஏந்தி அலையாமல், முக்காலியில் நிறுத்துங்கள். ஒலிவாங்கியை அவர் அருகில் வையுங்கள்.

இவை எளியோர்க்கான சமாதானங்கள் அல்ல. சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய நிலையங்களிலே உருவாகிவந்த காலத்தில், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்தை நிலையத்துக்கு வெளியே, கிராமத்துக்கே சென்று எடுத்தார். 1956இல் அது வெளிவந்தது. 2012இல் வெளிவந்த 'வழக்கு எண் 18/9' என்னும் தமிழ்ப்படத்தை விஜய் மில்டன் ஒளிப்பதிவு செய்தது, கெனன் 7டி என்னும் புகைப்படக் கமராவினாலேயே. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்கான இந்தியத் தேசிய விருதை அது பெற்றது.

"அம்மம்மாவுக்கு வயது என்ன?" என்று அம்மாணவரைக் கேட்டேன். "எண்பத்தாறு" என்றார். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுக்கிறேன்" என்றார்.

அம்முடிவே சரியானது. கமராவை அடுத்த ஆண்டும் வாங்கலாம்.